பரணில் எடுத்த மூன்று படங்கள்

மாத்தளையில் ஒரு மருந்துக்கடையில் பதினேழு வருடமாக வேலை செய்கிறேன். ஞாயிறு ஒன்றுதான் லீவு. அன்றைக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவைகளைத் தேடிப் போய்விடுவேன். மற்றவர்கள் பறவையின் கண் பளிச்சென்று தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுப்பார்கள். எனக்கு அதில் ஆசையில்லை. பெரிய மலை, பெரிய வானம், அதற்குள் கடுகளவு பறவை. ஆனால் பார்க்கிறவரின் கண் முதலில் அதில்தான் போய் நிற்க வேண்டும். அப்படி ஒன்றுகூட எனக்குச் சரியாக அமைந்ததில்லை. மனைவியிடம் காட்டினால், "இதுல குருவி எங்கங்க?" என்று கேட்பாள்.

போன வருடம் மழை தொடங்குகிற சமயத்தில் அவளே சொன்னாள். "ஞாயித்துக்கிழமையானா நான் மட்டும் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு தடவ நானும் வர்றேன்."

வில்கமுவையில் எனக்குப் பழக்கமான சிங்கள விவசாயி ஒருவர் இருக்கிறார். யானைக் காவலுக்காகத் தன் வயலோரத்து மரத்தில் பரண் கட்டியிருந்தார். அங்கிருந்து பார்த்தால் வயல்வெளியும் அதற்குப் பின்னால் நக்கிள்ஸ் மலைகளும் ஒரே பார்வையில் அடங்கும். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அவள் சீனி போடாத தேத்தண்ணியோடு நீரிழிவு மாத்திரையை விழுங்கினாள். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வாழைப்பழமும் பையில் இருந்தன. போய்ச் சேர்ந்ததும் சாப்பிடுவதாக ஏற்பாடு.

மரத்தடிக்கு வந்தபோது வெளிச்சம் அருமையாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "மொதல்ல ஏறு. பைய அப்புறம் எடுத்துக்கலாம்" என்றேன். சாப்பாட்டுப் பை வண்டியிலேயே தொங்கியது.

ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. காட்டுப் பக்கமிருந்து ஒற்றை யானை சத்தமே இல்லாமல் வந்து வண்டியருகே நின்றது. பையை இழுத்து, ரொட்டி, வாழைப்பழம், பை எல்லாவற்றையும் சேர்த்து வாய்க்குள் போட்டது. வண்டியை ஒரு தள்ளு தள்ளிச் சாய்த்தது. பிறகு போகவில்லை. எங்கள் மரத்தடி நிழலில் வந்து நின்றுகொண்டது.

போனில் சிக்னல் வந்து வந்து போனது. ஒருவழியாக விவசாயி கிடைத்தார். தூரத்தில் ஒரு சாவு வீட்டில் இருப்பதாகவும், எப்படியும் வந்துவிடுவதாகவும், எதற்கும் கீழே இறங்க வேண்டாம் என்றும் சொன்னார்.

நாலே நாலு பலகை. இருவரும் காலை மடக்கிக்கொண்டுதான் உட்கார முடியும். யானை முதுகை மரத்தில் உரசும்போதெல்லாம் பரண் ஆடியது. அவள் கிளையைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை. ஒரு மணி நேரம் போனது. இன்னொன்றும் போனது. ஒருமுறை நான் ஏணியில் இரண்டு படி இறங்கினேன். கீழே தும்பிக்கை மெல்ல என் பக்கம் திரும்பியது. ஏறிவிட்டேன்.

எவ்வளவு நேரம்தான் யானையையே பார்ப்பது? கேமராவை எடுத்தேன். மலைக்குப் பின்னாலிருந்து மழை மேகம் எழும்பி, மேற்கு முழுவதையும் கருங்கல் மாதிரி அடைத்திருந்தது. எங்கள் முதுகுப் பக்கம் மட்டும் வெயில். அப்போது சேற்றிலிருந்து ஒரே ஒரு வெள்ளைக் கொக்கு கிளம்பி அந்தக் கறுப்பை நோக்கிப் பறந்தது.

"என்னங்க, கை நடுங்குது. வேர்க்குது" என்றாள் அவள்.

நாளுக்குப் பத்துப் பேருக்காவது நான் சொல்கிற அறிகுறிகள் அவை. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாததால் ரத்தத்தில் சீனி இறங்குகிறது என்று எனக்கு அந்தக் கணமே தெரியும். தெரிந்துகொண்டே, "ஒரு நிமிஷம்" என்றேன். மூன்று படங்கள் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் திரும்பினேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது. கேமராப் பையைக் கவிழ்த்துத் தேடினேன். இனிப்பாக ஒரு டொபிகூட இல்லை. மறுபடி போன் போட்டு விவசாயியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் பேச்சு குழற ஆரம்பித்தது. கீழே விழுந்துவிடாமல் மரத்தோடு சேர்த்து அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். "தூங்காத. என்கூடப் பேசு."

"வீட்டுக்குப் போகணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

டிராக்டர் சத்தம் கேட்டபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. விவசாயி யானை வெடி இரண்டைக் கொளுத்தி எறிந்தார். யானை அவசரமில்லாமல் காட்டுக்குள் நடந்தது. அவர் ஏணியில் ஏறி இனிப்புச் சோடாப் போத்தலை நீட்டினார். மடக்கு மடக்காக நான் புகட்டினேன். கால் மணி நேரத்தில் அவளுக்குக் கண் தெளிந்தது. விவசாயியிடம் சிங்களத்தில் நன்றி சொன்னாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டே ஏணியில் இறங்கினாள்.

இரண்டு நாள் கழித்து, "அன்னைக்கு எடுத்தத காட்டுங்க" என்றாள். நான் இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் அந்த மூன்றில் ஒன்றுதான். கரிய மலை, கரிய வானம், நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி. அவள் விரல் நேராக அதைத் தொட்டது.

"நான் கூப்பிட்டப்போ எடுத்ததா?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

பொய் சொல்ல முடியவில்லை. "தெரிஞ்சேதான்" என்றேன்.

"நல்லா வந்திருக்கு" என்று சொல்லி, கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, காயப் போட்ட துணிகளை எடுக்க எழுந்து போனாள். பின்னாலேயே போய், அவள் எடுத்த போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.