கன்னத்தில் விரிசல், ஒரு காது காணோம்

2006. துபாயில் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்த கம்பெனியில் நான் டாகுமென்ட் கன்ட்ரோலர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், பி.ஏ. வரலாறு. அந்த வரலாற்றை வைத்துக்கொண்டு, வருகிற காகிதத்துக்கெல்லாம் நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஓட்டல் முடிந்து, ஸ்னாக் லிஸ்ட் மட்டும் பாக்கி. கன்சல்டன்ட் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு வந்து எழுதிப்போகும் குறைப்பட்டியல் அது. ஒவ்வொரு குறையையும் சரிசெய்து, போட்டோ ஒட்டி அனுப்பவேண்டும். பட்டியல் தீரும்வரை ஒருத்தனுக்கும் லீவு கிடையாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். அடுத்த ஞாயிறு என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. மணமேடையில் அண்ணன் நின்றாக வேண்டும்.

கடைசியில் மிஞ்சியது லாபியில் மாட்டியிருந்த ஒரு படம். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலிய வியாபாரியின் உருவப்படத்துக்கு நகல், எண்ணெய் வர்ணத்தில் வரைந்தது. கறுப்பு அங்கி, இருட்டுப் பின்னணி, முக்கால்வாசி திரும்பிய முகம். ஒரு கையில் கையுறை. கழற்றிய இன்னொன்று விரலிடுக்கில். இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார்: முகத்தில் மயிரிழை விரிசல்கள். பின்னணி கறுத்திருக்கிறது. வலது காது காணோம். இடது கையுறை போடப்படவில்லை, சப்ளையரிடம் கேட்டு வாங்கவும்.

எனக்கு ஒரே சந்தோஷம். என் டிகிரிக்கு முதல்முறையாக வேலை வந்திருக்கிறது. கல்லூரிப் பாடப்புத்தகத்தில் இதே மாதிரிப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பார்த்திருந்தேன். உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். காசில் அச்சடித்த ராஜா மாதிரி பக்கவாட்டில் வரைந்துகொண்டிருந்தவர்கள் ஏன் முகத்தை நம் பக்கம் திருப்பினார்கள். எண்ணெயில் குழைத்த வர்ணத்தை மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்று போட்டால் தோலுக்குள்ளிருந்தே எப்படி வெளிச்சம் வருகிறது. கையுறையைக் கழற்றி வைத்திருப்பது கனவான் என்பதற்கு எப்படி அடையாளம். பழையதாகத் தெரியவே விரிசலை வரவழைத்திருக்கிறார்கள் என்பது. மறுநாளே ஒருவரியில் பதில் வந்தது. விளக்கம் படித்தோம், குறைகளைச் சரிசெய்யவும்.

மேனேஜர் பெயின்டிங் ஃபோர்மேனைக் கூப்பிட்டு, விரிசலைப் புட்டி வைத்து அடைத்து, தேய்த்து ஒரு கோட்டிங் அடிக்கச் சொன்னார். படமும் பெயின்ட், நம்மாளும் பெயின்டர், இதில் என்ன கஷ்டம் என்பது அவர் கேள்வி.

ஃபோர்மேன் ராமநாதபுரத்து அண்ணன். புட்டித் தகட்டோடு வந்தவர் படத்துக்கு மூக்கைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது தானா வெடிச்சதில்ல. வெடிக்க வச்சிருக்கான். காயாத கோட்டு மேல சீக்கிரம் காயிற கோட்டப் போட்டா இப்புடித்தான் வரும். நம்ம பயக தெரியாமச் செஞ்சு திட்டு வாங்குவாய்ங்க. இவன் தெரிஞ்சே செஞ்சிருக்கான்."

நான் இரண்டு பக்கத்தில் சொன்னதைவிட இது தெளிவாக இருந்தது.

"புட்டி வச்சா இந்த மூஞ்சி திரும்பி வராது. நீ படிச்சவன், நீயே சொல்லு. வைக்கவா, வேணாமா?"

வைத்தால் லீவு. தங்கை முகம் வந்துபோனது. வியாபாரியின் முகத்தையும் பார்த்தேன். அவர் அவசரமில்லாத ஆள்.

"வேணாம்ணே" என்றேன்.

பிறகு பத்தடி தள்ளி நின்று, ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்தேன். விரிசல் ஒன்றுகூடத் தெரியவில்லை. பதிலை இந்தமுறை சைட் பாஷையில் எழுதினேன். பின்னணி: ஒப்புதல் பெற்ற கலர். வலது காது: சுவருக்குள் போகும் குழாய்போல மறைவு வேலை, வெளியே தெரியாது. கையுறை: சைட்டிலேயே கிடைத்தது, அவர் கையில் இருக்கிறது. விரிசல்: சரிசெய்யப்பட்டது. கடைசி ஒன்றுதான் பொய். வேலை செய்தவர் என்ற இடத்தில் அண்ணன் பெயரைப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு வந்தார். அவர் டார்ச் அடித்தது என் ஃபைல் மேல். படிக்கப் படிக்கத் தலையாட்டினார். மறைவு வேலை என்ற இடத்தில், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். பிறகு போட்டோவைப் பார்த்து, ஃபினிஷிங் பஹுத் அச்சா என்று கையெழுத்துப் போட்டார். படத்தின் பக்கம் திரும்பவேயில்லை.

மேனேஜர் என் லீவு பாரத்தில் கையெழுத்திட்டார். அதே சூட்டில், அடுத்த ஓட்டலில் இதேபோல் பன்னிரண்டு படம் வருகிறது, எல்லாவற்றையும் அண்ணனே பார்த்துக்கொள்ளட்டும் என்று உத்தரவும் போட்டார்.

வியாழக்கிழமை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது அண்ணன் நாங்கள் தங்கியிருந்த கேம்ப் வாசல்வரை பெட்டியைத் தூக்கிவந்தார்.

"கல்யாணம் முடிஞ்சதும் வந்துரு தம்பி. பன்னெண்டு படத்தத் தொடாம இருக்கணும்னா நீ வந்து எழுதணும்."