ஹமீது காக்கா கண்ணாடியில் விழுந்த பூ

கடலைப் படைத்தவன் ஆண்டவன். அதை நாலு பேர் கண்ணால் பார்க்கும்படி துடைத்து வைத்தவர் அப்துல் ஹமீது. அவர் ஒரு நாள் லீவு போட்டால் மன்னார் வளைகுடாவே மங்கிப்போகும். அக்கரையில் இலங்கைக்காரர்கள் என்ன ஆச்சோ என்று பதறி ஃபோன் போடுவார்கள். தங்களுக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதே மீன்களுக்கு அவர் துடைத்த பிறகுதான் தெரிய வந்தது.

இது கல்வெட்டுச் செய்தி அல்ல. இராமேஸ்வரத்தில், பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில், தகரக் கூரை போட்ட ‘கடல் உலகம்’ மீன் காட்சியின் வாசலில் ஹுமைரா தினமும் மைக்கில் கத்துவது. ஹமீதின் தம்பி மகள். பத்தாம் வகுப்புக் கணக்கோடு சண்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தைவிட்டு வெளியே வந்தவள். சீட்டு கிழிப்பது, எழுதுவது, கல் எறிவது எல்லாம் இடது கை. சாப்பாட்டுக்கும் சாமான் வாங்கவும் மட்டும் வலது கையை நீட்டப் பழக்கியிருந்தார்கள்; அதுவும் ஞாபகம் இருந்தால்தான்.

“தவ்பா, தவ்பா! ஏ புள்ள, ஆண்டவனோட என்னய ஏன் சேக்குற?” என்று உள்ளேயிருந்து ஹமீது சத்தம் போடுவார். போடுவாரே தவிர, ஒரு நாளும் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கியதில்லை.

கடல் உலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு கண்ணாடித் தொட்டிகள், இருமிக்கொண்டே ஓடும் ஒரு ஜெனரேட்டர், சீண்டினால் பந்தாக உப்பிக்கொள்ளும் ஒரு பேத்தை மீன். தீர்த்தமாடிய ஈரத் துணியோடு வடநாட்டு யாத்திரிகர்கள் உள்ளே வந்து, பேத்தையை உற்றுப் பார்த்து, இதைத் தின்னலாமா என்று சைகையில் கேட்டுவிட்டுப் போவார்கள். பேத்தை விஷம். அதைச் சைகையில் சொல்ல ஹமீது நாக்கைத் தள்ளி, கண்ணைச் செருகிக் காட்டுவார். காட்சியில் அதிகம் படம் பிடிக்கப்பட்டது மீன் அல்ல, அதுதான்.

இளமை முழுவதையும் அவர் ஜித்தாவில் ஒரு பெரிய மாலில் கழித்தார். மீன் இலாகாவில் மேற்பார்வை என்று சொல்லித்தான் ஏஜெண்ட் ஏற்றிவிட்டான். போய் இறங்கியதும் கையில் ஒரு வாளியும் துணியும் கொடுத்து, மூன்று மாடி உயரத்துக்கு நின்ற கண்ணாடித் தொட்டியைக் காட்டினார்கள். மேற்பார்வைதான், மறுக்க முடியாது. ஏணி மேலே நின்றுதான் பார்த்தார். ஊருக்கு எழுதும்போது ‘ஃபிஷ் டிபார்ட்மெண்ட்’ என்று எழுதினார். அந்த வார்த்தைக்கு மயங்கித்தான் பாம்பனில் பெண் கொடுத்தார்கள்.

ஆனால் வேலை என்று வந்தால் அதில் விளையாட்டுக் கிடையாது. கடல் தண்ணீர் தொட்டியில் தண்ணீர் வற்ற வற்ற, தெறிக்கத் தெறிக்க, கண்ணாடியில் வெள்ளையாக ஒரு கோடு கட்டும். உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகியது. ஈரத் துணிக்கு அசையாது. சோப்புப் போட்டால் கோடு இருக்கும், மீன் இருக்காது. ஹமீது அதைப் ‘பூ’ என்பார். “கண்ணாடியில பூ விழுந்துருச்சு” என்றால் தண்ணீரை நாலு விரல் இறக்குவார். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை முக்கிப் பிழிந்து, உள்ளே ஒரு சொட்டும் விழாமல் கோட்டின் மேல் ஒட்டிவைப்பார். அது ஊறும் வரை தஸ்பீஹ் மணி உருட்டுவார். ஊறியதும் காலாவதியான தன் அக்காமா அட்டையை எடுத்து, ஓரத்தால் வழித்து எடுப்பார். சவூதியில் தங்குவதற்குத் தந்த அட்டை அது. வழித்து வழித்து அதிலிருந்த வாலிப முகத்தில் இப்போது மீசை மட்டும்தான் மிச்சம்.

இரும்பு படக்கூடாது என்பது சட்டம். “பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒத்த மணல் போதும், ஆயுசுக்கும் கீறல்” என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் ஜெனரேட்டர்கூட இருமுவதை நிறுத்திக் கேட்கும்.

நோன்புப் பெருநாள் முடிந்ததிலிருந்துதான் சனியன் பிடித்தது. பெரிய தொட்டியில் விழுந்த பூ போகவே மாட்டேன் என்றது. காலையில் துடைத்தார். மதியம் துடைத்தார். தினமும் வழித்தார். துணியில் ஒன்றும் வரவில்லை, கண்ணாடி மட்டும் பாலை ஊற்றியதுபோல் இருந்தது. வினிகரில் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். காற்றில் உப்பு கூடிவிட்டது என்றார். பாம்பன் பாலத்தில் மூடுபனி என்றும் சொன்னார். மே மாதம், உச்சி வெயிலில்.

ஒரு நாள் தண்ணீர் டிரம்மோடு இமானுவேல் வந்தான். காட்சிக்கு மீனும் கடல் தண்ணீரும் கொண்டுவந்து தருகிறவன்; ஹமீதை அண்ணன் முறை வைத்து ‘காக்கா’ என்று கூப்பிடுகிறவன். அன்றைக்குப் பார்த்து, பெரியவாப்பாவுக்கு விளையாட்டுக் காட்ட, ஹுமைரா டிக்கெட் கவுண்டரின் முன்கண்ணாடியைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள். வெறும் சட்டத்துக்குப் பின்னால் சிலைபோல உட்கார்ந்திருந்தாள்.

ஹமீது வந்து நின்றார். “என்ன புள்ள இது, கவுண்டர் கண்ணாடியையும் பூக்க விட்டுட்ட? உன் மூஞ்சியே தெரியல!” என்று வினிகர்த் துணியை ஓங்கி அழுத்தினார்.

கை காற்றுக்குள் போனது. துணி நேராக ஹுமைராவின் மூக்கில் போய் அப்பியது.

இமானுவேல் டிரம்மைக் கட்டிக்கொண்டு சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. ஹமீது இன்னும் கையை நீட்டியபடி, இல்லாத கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“காக்கா,” என்றான் மெதுவாக. “பூ கண்ணாடியில இல்ல. உங்க கண்ணுல விழுந்துருக்கு.”

“எனக்கு ஒண்ணுமில்லலே.”

“எங்கப்பாவும் இப்பிடித்தான். கடல்ல மஞ்சு, கடல்ல மஞ்சுன்னே சொல்லிட்டுத் திரிஞ்சாரு. கடைசியில கரையே தெரியாமப் போச்சு. ஆப்பரேசன் பண்ணிருங்க காக்கா.”

“ஆப்பரேசனா? கண்ணுங்கிறதும் ஒரு கண்ணாடிதாம்ல. அதுல எவனையும் இரும்பு வைக்க விட மாட்டேன். பூவோட இருந்துட்டுப் போறேன்.” துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஹுமைரா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “வினிகர் எரியுது” என்றாள். யாரும் கேட்காமலே.

அந்த வாரமே ஹமீதுக்கு ஒரு ஃபோன் வந்தது. இராமநாதபுரத்திலிருந்து ஒரு பெண் குரல்.

“இங்கன ஒரு கண்ணாடி பூத்துப்போச்சு சார். நீங்க வந்தாத்தான் சரியாகும்னு சொன்னாக.”

ஹமீது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜித்தாவுக்கு அப்புறம் வெளியூரிலிருந்து அவரை யாரும் கூப்பிட்டதில்லை. “ஒண்ணா, ரெண்டா?”

“ரெண்டு சார். வலது பக்கம் ரொம்ப மோசம்.”

“எத்தன வருசமா ஓடுது?”

குரல் கொஞ்சம் தயங்கியது. “அம்பத்தெட்டு வருசம்.”

“நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?”

“அப்பப்ப உப்புத் தண்ணி வரும் சார்.”

“சரி. நான் வார வரைக்கும் யாரும் இரும்பு வைக்கக் கூடாது.”

“அது... நேர்ல பேசிக்குவோம் சார்.”

மறுநாள் சலவைச் சட்டை, அத்தர், பையில் வினிகர், துணி, அக்காமா அட்டை சகிதம் பஸ் ஏறினார். வழி காட்டவென்று ஹுமைரா கூடவே ஏறினாள். இறங்கி நடந்து போய்ச் சேர்ந்த இடத்தில் மீன் வாடை இல்லை, மருந்து வாடை அடித்தது. வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஒற்றைக் கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள்.

ஃபோனில் பேசியவள் வெள்ளை உடுப்பில் வந்தாள். நர்ஸ் கலைச்செல்வி.

“தொட்டி எங்கம்மா?” என்றார் ஹமீது.

“மொதல்ல தாடைய இந்த மெசின்ல வைங்க. நீங்க கண்ணாடி போடுறதில்லையா?”

“போடுறதில்ல. துடைக்கிறதோட சரி.”

மெஷினுக்குள் ஒரு வெளிச்சம் அவருடைய கண்ணுக்குள் போய்த் தேடிவிட்டு வந்தது. “ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணுல முத்திப்போச்சு. இன்னும் விட்டா அடஞ்சுபோகும்” என்றாள் கலைச்செல்வி.

ஹமீது பையை மடியில் இறுக்கிக்கொண்டார். “கத்தியா?”

“பேருக்குத்தான் கத்தி. நீங்க பூவ என்ன செய்வீக? ஊற வச்சு, கரைச்சு, அலுங்காம எடுப்பீக, கீழ ஒரு சொட்டு விழ விட மாட்டீக. டாக்டரும் அப்பிடித்தான். உங்க புள்ள எல்லாம் சொல்லிருச்சு.”

அவர் திரும்பினார். புள்ள சுவரில் ஒட்டியிருந்த கண்தான விளம்பரத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தது.

 ஹமீது பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, “டாக்டர் கையில மணல் ஒட்டாம இருந்தாச் சரி” என்றார்.

ஆப்பரேசன் முடிந்து ஊர் திரும்பியபோது கறுப்புக் கண்ணாடியும், காட்சிப் பக்கம் போகக் கூடாது என்ற உத்தரவும் கூட வந்தன. உத்தரவு முடிகிற அன்று காலையில் முதல் ஆளாக வந்து காட்சியைத் திறந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தகரக் கூரையின் துரு தெரிந்தது. பேத்தையின் முதுகில் இத்தனை புள்ளியா என்றிருந்தது. பெரிய தொட்டியின் முன்னால் போய் நின்றார். பூ இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. ஆனால் கோடு இருந்த இடம் முழுக்க, சிலந்தி வலைபோல மெல்லிசாகக் கீறல்கள்.

ஹுமைரா மைக்கைத் துடைத்தபடி உள்ளே வந்தாள்.

“பூவ எடுத்தது யாரு புள்ள?”

“நீங்கதான தெனமும் துடைச்சீக.”

“நான் துடைச்சது வெறுங்கண்ணாடிய. எனக்கு முன்னாடி யாரோ விடியக்காலையிலயே வந்து எடுத்திருக்காக. வாரவுக கண்ணுக்குக் கண்ணாடி மங்கலாத் தெரியக் கூடாதுன்னு. நல்ல மனசு. ஆனா பிளேடு வச்சு.”

“பேத்தை கடிச்சிருக்கும். அதுக்குப் பல்லு உண்டுல்ல?”

“உண்டு. அம்பத்தெட்டு வருசமா ஓடுற தொட்டியும் ராம்நாட்ல உண்டு. நம்பித்தான பஸ் ஏறுனேன்?” கீறல்களின் மேல் விரலை ஓட்டினார். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவர் கை போகிற பக்கத்துக்கு நேர் எதிராக. சட்டைப் பையிலிருந்து அக்காமா அட்டையை எடுத்து, “இந்தா, பிடி!” என்று திடீரென வீசினார்.

ஹுமைரா பிடித்துவிட்டாள். இடது கையால்.

ஹமீது பிடித்த கையைப் பார்த்தார், கீறலைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். ஹுமைரா அட்டையைச் சடாரென்று வலது கைக்கு மாற்றினாள்.

“மாத்தாத, பாத்துட்டேன். அட்டையக் குடு, அது உனக்கில்ல.” வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, மைக்கை அவள் வாயருகே தூக்கிப் பிடித்தார். “எங்க, இதையும் சொல்லு பாப்போம்.”