வின்சூக்காவின் வயிற்றில் இருந்த ரத்தம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கடித்த தழும்பு என் கையில் இருக்கிறது. பொலிவியாவின் கொச்சபாம்பாவில் நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்தில், மழை பிடித்த ஒரு சாயங்காலம் நடந்தது இது.

எங்கள் வேலை வின்சூக்காவோடு. ரத்தம் குடிக்கும் பூச்சி. கடித்ததோடு விடாது, வருஷக்கணக்கில் இருதயத்தை அரிக்கும் நோயையும் கொடுத்துவிட்டுப் போகும். எந்த வின்சூக்காவுக்கு எது பங்காளி என்று கண்டுபிடிக்க, எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் சேர்த்து வைத்த பூச்சிகளை உடைக்காமல் முழுசாக மருந்து நீரில் ஊறவைத்து டிஎன்ஏ எடுப்போம். எங்கள் டிஎன்ஏ அதில் கலந்துவிட்டதா என்று பார்க்க, எங்கள் எச்சிலையும் முன்னாலேயே வாங்கி வைத்திருந்தார்கள்.

முடிவு வந்தது. பூச்சியோடு மனித ரத்தமும் இருந்தது. அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு மாறாமல் வரும் அதன் தாய்வழிக் கூறு என் எச்சிலோடு அப்படியே ஒத்துப்போனது.

"கையைச் சுத்தமா வச்சுக்கத் தெரியாதவளுக்கு ஆராய்ச்சி ஒரு கேடா?" என்றான் வில்பிரெடோ, எல்லார் முன்னாலும். எங்கள் பிரிவின் தலைவன். என் மகனுக்கு ஞானத்தகப்பன், அந்த உறவில் எனக்குக் கொம்பாத்ரே. ஞானஸ்நானத்தன்று என் வீட்டுச் சோளக்கள்ளான சிச்சாவை வயிறு முட்டக் குடித்துவிட்டு, "உன் குடும்பம் இனி என் குடும்பம்" என்று கண் கலங்கியவன்.

"கொம்பாத்ரே, நான் கையுறையைக் கழட்டவே இல்ல."

"கொம்பாத்ரே எல்லாம் வீட்டுல. நாளையிலேருந்து வராத."

ஆறு வருஷ உழைப்பு! எல்லோரும் கிளம்பியதும், அந்தப் பழைய பூச்சிகளில் அதுவரை யாரும் தொடாத ஒரு பெட்டியை எடுத்தேன். கைக்கு இரண்டு உறை, முகமூடி, தலைக்கு உறை. என் மேல் தப்பில்லை என்று காட்டாமல் போவதில்லை.

கண்ணாடி மூடியைத் திறந்தேன்.

காய்ந்த பூச்சியின் வயிறு தட்டையாகத்தான் இருக்கும். இவை உப்பியிருந்தன.

கிர்ர்... கிர்ர்... ஊசியில் குத்தியிருந்தவை காலால் தக்கையைப் பிராண்டின.

கையுறைக்குள் அரித்தது.

பின்னால் மூச்சு...

"நோய் இல்லாத பூச்சின்னு சொன்னாரு."

பெண் குரல்.

"அதுங்க பசியாத்தணும், கையை நீட்டுன்னாரு... நீட்டினேன்."

என் கை தானாக நீண்டது.

பெட்டிக்குள்...

எப்படித் தெருவுக்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது. கையுறை கிழியவில்லை. உள்ளே வரிசையாகக் கடி.

நான் கெஞ்சிக் கேட்டதில், முதல் பூச்சியில் கிடைத்த அந்த ரத்தத்தை வேறு ஊர் ஆய்வகத்தில் ஆழமாகச் சோதித்தார்கள். என்னுடையது இல்லை. என் தாய்வழிப் பெண் ஒருத்தியுடையது. அம்மாவிடம் கேட்டேன்.

"எங்க பெரியம்மா, எங்க அம்மாவோட அக்கா அமாண்டாவா இருக்கும். பூச்சி டாக்டர் வீட்டுக்கு வேலைக்குப் போனா. எவனோடயோ ஓடிட்டான்னு டாக்டரு சொன்னாரு. வீட்டுல எல்லாரும் அதை நம்பி அவளைத் தலைமுழுகிட்டாங்க."

வில்பிரெடோவிடம் ஓடினேன்.

"அந்த டாக்டர் பேரைச் சொல்லித்தான் நமக்குப் பணம் வருது. உன் எச்சில்னே இருந்துட்டுப் போகட்டும்" என்றான். பாவி, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

போன மாதம் என் ரத்தத்தில் அந்த நோய் இருப்பது தெரிந்தது. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் வின்சூக்காவே கிடையாது. என்னைக் கடித்தவை எண்பது வருஷமாகச் செத்துக் கிடப்பவை.

டாக்டர் ஏமாற்றினார், சரி. வில்பிரெடோ துரோகி, அதுவும் சரி. அமாண்டா... நீ என் சொந்த ரத்தம். என் கையை ஏன் நீட்ட வைத்தாய்?