பிஸ்கட் டின்னில் கிடந்த ரெசிஸ்டர்கள்

ஹரூயே மியாஷிரோ ஹொனலுலு அன்னாசி ஆலையில் பதினெட்டு வருடம் துண்டு பொறுக்கியவள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கோணல் துண்டு டப்பாவுக்குள் போனதாகச் சரித்திரமே இல்லை. சாறு விரல் தோலைத் தின்றதும், மலையடிவாரத்து வானொலி ஆய்வுக்கூடத்தில் ஈயம் பற்றவைக்கும் வேலைக்கு வந்துவிட்டாள். அங்கும் அதே கறார்தான்.

கூடத்தில் செய்துகொண்டிருந்தது சாமானியக் காரியமல்ல. தீவுக்கொன்றாகப் போக வேண்டிய, வானொலி அலையில் செய்தி அனுப்பும் ஏழு பெட்டிகள். எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசை. வரிசையும் கிடையாது, அனுமதியும் கிடையாது. யாருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கூடத்துக் கணினிக்குச் செய்தி அனுப்பலாம். போய்ச் சேர்ந்தால் பெட்டியில் பச்சை விளக்கு. இரண்டு செய்திகள் மோதினால் இரண்டும் நாசம். பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், சற்றுக் காத்திருந்து தானே மறுபடி அனுப்பும். என்ன துணிச்சல் பாருங்கள்! அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று நிர்ணயிக்கும் ரெசிஸ்டர்களை, அதாவது குட்டி மின்தடைகளை, ஹரூயேதான் அளந்து பொருத்தினாள். மயிரிழை பிசகியதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் எறிந்தாள்.

பகல் இரண்டு மணிக்கு அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து, கூடத்துக்குப் பணம் தரும் ஆதரவாளர்கள் வருகிறார்கள். சொதப்பினால் கூடத்துக்குப் பூட்டு. ஆலை மேஸ்திரி வேறு, ஐந்து மணிக்குள் சொன்னால் பழைய இடம் உண்டு என்றிருந்தாள்.

காலை ஒத்திகையில் இரண்டு பெட்டிகளின் செய்திகள் மோதின. காத்திருந்தன. மறுபடி மோதின. பத்துத் தடவை!

"ஆன்டெனாதான் மக்கர் பண்ணுது," என்று பொறியாளர் கீமோ அகானா ஏணியைத் தூக்கினான்.

ஹரூயே விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் சேர்ந்து எரிந்தன, சேர்ந்து அணைந்தன.

"ஏணிய வை கீமோ. தப்பு என்னோடது."

"உங்க கையில தப்பா? சும்மா இருங்க ஆன்ட்டி."

"அச்சுல வார்த்த மாதிரி எல்லாத்தையும் ஒரே அளவுல போட்டுத் தொலைச்சிருக்கேன். ரெண்டும் ஒரே நேரம் காத்திருக்கு, ஒரே நேரம் கிளம்புது. மோதாம என்ன பண்ணும்?"

கீமோ ஏணியைச் சுவரில் சாய்த்தான். "அட, நானும் மண்டையில ஏத்திக்கலையே. இப்ப கடைக்கு ஓடி வேற அளவு வாங்க நேரம் ஏது?"

"அந்த பிஸ்கட் டின்ன எடு."

மதியச் சோற்றுருண்டை இலையிலேயே காய்ந்தது. தான் கழித்துக்கட்டியதையெல்லாம், ஒன்றுபோல் இன்னொன்று வராமல் தேடித் தேடிப் பொருத்தினாள். பதினெட்டு வருடப் பழக்கத்துக்கு நேரெதிரான வேலை. ஆனாலும் என்ன குதூகலம்!

இரண்டு மணிக்கு வந்தவர்களில் ஒருவர் வம்புக்காரர். "ஏழு பெட்டியிலயும் ஒண்ணா பட்டன அழுத்துங்க, பாப்போம்," என்றார்.

ஏழும் சிவந்தன. ஒரு கணம்தான். ஒரு பெட்டி பச்சையானது. அடுத்து இன்னொன்று. முன்பின்னாக ஏழும் பச்சை! ஹரூயேவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வம்புக்காரர் குனிந்து பார்த்தார். "பாகமெல்லாம் ரொம்பத் துல்லியமோ?"

"ஒண்ணோட ஒண்ணு ஒத்தே போகாது," என்றாள் ஹரூயே. "அத்தனையும் நானே பொறுக்கினது."

ஐந்து மணிக்கு முன்பே ஆலை மேஸ்திரியோடு தொலைபேசியில் பேசினாள்.

"என் ஏப்ரன வேற யாருக்காச்சும் குடுத்திருங்க அக்கா."