ரெண்டு கார்டு அக்கா

வளையல்களை முழங்கை வரை ஏற்றிக்கொண்டு, செல்வராணி சர்வருக்குப் பின்னால் கையை விடுகிறார்.

"இப்பம் புடுங்கப் போறேன். எல்லாரும் அவுங்கவுங்க ஸ்கிரீனப் பாத்துக்கிடுங்க."

அலுவலகத்தில் இருக்கும் ஏழெட்டுப் பேரும் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்கிறார்கள். டக்கென்று ஒரு கேபிள் வெளியே வருகிறது.

"நின்னுட்டா?"

"இல்லக்கா, ஓடுது."

அதைச் செருகிவிட்டு, பத்து எண்ணி, பக்கத்துக் கேபிளைப் பிடுங்குகிறார்.

"இப்பம்?"

"இப்பமும் ஓடுதுக்கா."

அதற்குப் பிறகுதான் வளையல்கள் மணிக்கட்டுக்கு இறங்கும்.

தூத்துக்குடியில் கப்பல் ஏஜெண்டுகளின் அலுவலகங்கள், மீன் ஏற்றுமதி செய்யும் குளிர்கிடங்குகள், கண்டெய்னர் யார்டுகள், இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகள் என்று ஒரு முப்பது இடங்களில் சர்வர்களைப் பராமரிக்கிறவர் செல்வராணி. சர்வர் என்பது ஓர் அலுவலகத்தின் எல்லாக் கணினிகளும் போய்க் கேட்கிற பெரிய கணினி. அதிலிருந்து வெளியே போகும் வழி ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு என்றால், அந்தக் கார்டு செத்த நிமிடத்தில் மொத்த அலுவலகமும் நின்றுவிடும். அதனால் இரண்டு கார்டுகளைப் போட்டு, ஒரு மென்பொருளால் அவற்றைச் சேர்த்துக் கட்டி, ஒரே கார்டாகக் காட்டுவார்கள். டீமிங் என்று பெயர். செல்வராணி இதை முதலாளிகளுக்குச் சொல்லும் விதம் வேறு: "ரெண்டு பேரு வேலைக்கு நிக்காங்க. வெளிய இருந்து பாக்கவுகளுக்கு ஒரு ஆளுதான் தெரியும். ஒருத்தருக்குக் காச்சல்னா இன்னொருத்தர் பாத்துக்கிடுவாரு. ஒங்களுக்குக் காச்சல் வந்த சேதியே தெரியாது."

இந்த வேலை பார்க்கிற மற்றவர்கள் திரையில் பச்சை விளக்கு வந்ததும் பையைக் கட்டிவிடுவார்கள். இவர் பிடுங்கிப் பார்க்காமல் எந்த இடத்தை விட்டும் கிளம்ப மாட்டார். துறைமுகச் சாலையில் 'ரெண்டு கார்டு அக்கா' என்றால் டீக்கடைக்காரருக்கும் தெரியும்.

வயது நாற்பத்து நான்கு. சாயர்புரம் பக்கத்துப் பலசரக்குக் கடைக் குடும்பம். பாலிடெக்னிக் முடித்ததும் அண்ணன்மார் கடையில் பில் போட உட்காரச் சொன்னார்கள். ஒன்றரை வருடம் உட்கார்ந்தார். கடையின் கணினியை நான்கு தடவை கழற்றி மாட்டிய பிறகு, "இவ இங்கன இருந்தா நமக்கு வியாபாரம் நடக்காது" என்று அண்ணன்மாரே விட்டுவிட்டார்கள். இப்போது அந்தக் கடையிலும் இரண்டு கார்டு ஓடுகிறது. பருப்பும் கருப்பட்டியும் விற்கிற கடைக்கு அது தேவையா என்று யாரும் கேட்பதில்லை.

ஸ்கூட்டரின் முன்னால் தொங்கும் பையில் கணினிக்காரரிடம் எதிர்பார்க்காத சாமான்கள் கிடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர் ஐந்தாறு, பெயிண்ட் அடிக்கிற பிரஷ் ஒன்று, பல நிறத்தில் கம்பளி நூல். இந்த ஊரில் ஒரு பக்கம் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் நிலக்கரித் தூசு. கார்டின் செம்புப் பற்களில் பச்சை பூத்துவிடும். ரப்பரால் தேய்த்தால் போகும். பிரஷ், விசிறிக்குள் அடைந்த கரிக்கு. நூல், கேபிள்களில் அடையாளம் கட்ட. காகிதத்தில் எழுதி ஒட்டினால் ஆறு மாதத்தில் பிசின் விட்டு உதிர்ந்துபோகிறதாம்.

சர்வர் அறைக்குள் செருப்போடு போக மாட்டார். உட்கார மாட்டார். குளிருக்குத் துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு, நின்றபடி பேசுவார். பேசுவது பெரும்பாலும் இயந்திரத்தோடு. சர்வர்கள் எல்லாம் அவருக்குப் பெண்கள். "ஏளா, ஒனக்கு என்ன செய்யுது? நேத்து நல்லாத்தான இருந்தே?" கேபிள்கள் எல்லாம் வந்து கூடுகிற ஸ்விட்ச் பெட்டி மட்டும் ஆண். அதற்கு ஏச்சுத்தான் விழும். "நீதாம்ல பேசாம இருந்து எல்லாக் குழப்பமும் பண்ணுதே."

ஆனால் இந்த ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, குழப்பம் பண்ணியது ஸ்விட்ச் அல்ல.

புறவழிச் சாலைக்கு அருகே ஒரு கண்டெய்னர் யார்டு. செல்வராணியை நம்பி முதன்முதலில் பெரிய வேலை கொடுத்த இடம் அதுதான். அங்கே வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் மற்ற யார்டுகள் கூப்பிட்டன. காலை பத்தரைக்கு அங்கிருந்து போன் வந்தது. கேட்டில் உள்ள கணினி பத்து விநாடி ஓடுகிறது, இருபது விநாடி நிற்கிறது. லாரிகளுக்கான சீட்டு பாதி அச்சாகி நின்றுவிடுகிறது. அவர் போய்ச் சேர்ந்தபோது, இறாலும் கணவாயும் ஏற்றிய குளிர்ப்பெட்டி லாரிகள் பத்தொன்பது சாலை ஓரமாக நின்றன. மதியம் இரண்டு மணிக்குள் துறைமுகத்துக்குள் போகாத பெட்டியைக் கப்பல் ஏற்றாது.

சர்வர் அறை வாசலில் பாஸ்கல் நின்றுகொண்டிருந்தார். யார்டின் கணினி ஆபரேட்டர். ஐம்பத்தைந்து வயது. தோணிக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்து, கணினிக்குப் பிந்தி வந்தவர். போன மாதம் ஒரு தப்புக்காக அவருக்கு மெமோ கொடுத்திருந்தார்கள்.

"மேடம், மாதா அறிய நான் ஒரு வயரையும் தொடல. காலைல உள்ள போனேன், அம்புட்டுதான்."

அவருக்குப் பின்னால் மேலாளர் அனந்தபத்மநாபன். ஆழ்வார்திருநகரிக்காரர். சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது, குரல் உயராது. "இவர் உள்ளே போனார், சிஸ்டம் நின்னுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்க பாருங்கோ," என்றார்.

செல்வராணி செருப்பைக் கழற்றினார். முதலில் கண்ணால் பார்த்தார். இரண்டு கார்டிலும் விளக்கு எரிந்தது. கேபிள்களை மாற்றினார். கார்டுகளைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டார். டீமிலிருந்து ஒரு கார்டை நீக்கிப் பார்த்தார், பிறகு மற்றதை. பத்து விநாடி ஓட்டம், இருபது விநாடி நிறுத்தம், அதே கதை. கடைசியில் டீமிங் மென்பொருளையே அடியோடு நீக்கி, புதிதாக நிறுவி, சர்வரை நிறுத்தி எழுப்பினார். நாற்பது நிமிடம் போயிருந்தது. வெளியே ஹாரன் சத்தம் கூடிக்கொண்டே இருந்தது. எழுந்து வந்த சர்வர் பத்து விநாடி ஓடி, நின்றது.

"ஏளா, என்னைய ஏன் இப்படிப் படுத்துதே?"

மடிக்கணினியை ஸ்விட்சில் மாட்டினார். எந்தத் துளையில் எந்தக் கார்டு இருக்கிறது என்று ஸ்விட்ச் ஒரு பட்டியல் வைத்திருக்கும். சர்வரின் முகவரி மூன்றாம் துளையில் இருந்தது. பட்டியலை மறுபடி கேட்டார். பதினொன்றாம் துளையில் இருந்தது. மறுபடி கேட்டார். மூன்று. மறுபடி. பதினொன்று.

பதினொன்றாம் துளையிலிருந்து புறப்பட்ட கேபிளை விரலால் பிடித்துக்கொண்டே போனார். ரேக்கின் பின்பக்கமாகக் கீழே இறங்கி, வளைந்து, அது இரண்டாவது சர்வரில் போய் முடிந்தது. மூன்று வாரத்துக்கு முன் அவரே கொண்டுவந்து வைத்த புதிய சர்வர். கேபிளில் சிவப்பு நூல். அவர் கட்டிய முடிச்சு.

அங்கேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஒவ்வொரு கார்டுக்கும் பிறவியிலேயே தனி முகவரி ஒன்று உண்டு. டீம் கட்டும்போது, முதல் கார்டின் முகவரியை மென்பொருள் எடுத்து மொத்த டீமுக்கும் சூட்டிவிடும். புதிய சர்வர் வந்த அன்று, நேரத்தை மிச்சம் பிடிக்க, பழைய சர்வரின் டிஸ்க்கை அப்படியே அதில் நகலெடுத்தார் செல்வராணி. நகலெடுக்கும் முன்னால் டீமைக் கலைத்துவிட வேண்டும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஐம்பது தடவை செய்திருக்கிறார். அன்றைக்கு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. நகலெடுத்த பிறகு புதியதில் கலைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பெயரையும் எண்ணையும் மாற்றினார். போன் மறுபடி அடித்தது. கிளம்பிவிட்டார். யூ.பி.எஸ்.ஸுக்குப் பேட்டரி வராததால் புதிய சர்வர் அணைந்தே கிடந்தது. அதை ஓடவிடாமல் பிடுங்கிப் பார்க்க வழியில்லை. அந்த ஒரு இடத்தில்தான் பிடுங்கிப் பார்க்காமல் போயிருந்தார்.

நேற்று பேட்டரி வந்திருக்கிறது. இன்று காலை ஒன்பதுக்குப் பாஸ்கல் அதை இயக்கியிருக்கிறார். ஒரே முகவரியோடு இரண்டு சர்வர்கள் எழுந்து நின்றுவிட்டன. வருகிற தகவலை எதற்குக் கொடுப்பது என்று தெரியாமல் ஸ்விட்ச் இதற்குக் கொஞ்சம், அதற்குக் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

செல்வராணி புதிய சர்வரின் இரண்டு கேபிள்களையும் உருவினார்.

"வந்துட்டு! வந்துட்டு!" என்று கேட்டிலிருந்து கூச்சல். அச்சு இயந்திரம் கரகரவென்று சீட்டுகளைத் தள்ளத் தொடங்கியது. மணி பன்னிரண்டே முக்கால்.

அனந்தபத்மநாபன் உள்ளே வந்தார். உருவிய கேபிள்களையும் புதிய சர்வரையும் பார்த்தார். "இதுதான் காரணமா? இதை ஆன் பண்ணினது யார்?"

"நாந்தான் சார்," என்றார் பாஸ்கல்.

"போதும். போன மாசமே சொன்னேன். இனிமே பேச்சே இல்லை. சாயங்காலம் ஆபீஸ்ல வந்து என்னைப் பாருங்கோ."

பாஸ்கல் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார், திரும்ப வைத்தார்.

இந்த இடத்தில் செல்வராணி ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். கேபிள் உருவியிருக்கிறது, லாரி ஓடுகிறது, அந்த அறையில் டீமிங் என்றால் என்னவென்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தான் அந்த நேரத்தில் யோசித்ததை அவர் மறைப்பதில்லை. "பொய் சொல்லுததுக்கு யோசிக்கல. சும்மா இருப்பமான்னு யோசிச்சேன். ஒரு சீட்டு பிரிண்ட் ஆவுத நேரம் இருக்கும்."

பிறகு சொன்னார்: "சார், அவர ஏசாதிங்க. அவரு நான் சொன்னதத்தான் செஞ்சாரு. தப்பு என்னுது."

புதிய சர்வரின் பக்கவாட்டில் அவர் கையெழுத்திலேயே ஒரு தாள் ஒட்டியிருந்தது. பேட்டரி வந்ததும் இதை ஆன் செய்யவும். அதைக் கிழித்து மேலாளர் கையில் கொடுத்தார். நகலெடுத்ததையும் கலைக்க மறந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். கேட்டுக்கொண்டே வந்த அனந்தபத்மநாபன் கடைசியில், "இதை நீங்க எழுத்துல தர முடியுமா?" என்றார். தர மாட்டார் என்ற நினைப்பு அந்தக் குரலில் இருந்தது.

செல்வராணி நின்றபடியே, சர்வர் மேல் தாளை வைத்து எழுதினார். டீமிங்கைக் கலைக்காமல் டிஸ்க்கை நகலெடுத்ததே காரணம். செய்தவர் பெ. செல்வராணி. ஆபரேட்டர் பாஸ்கல் என் குறிப்பின்படி நடந்தார். அவர்மேல் தவறு இல்லை.

மேலாளர் இரண்டு முறை படித்தார். "நீங்க சொன்னதுக்கு மரியாதை உண்டு. ஆனா மேல இருக்கறவா இதை ஒத்துக்க மாட்டா. மார்ச்சோட உங்க ஒப்பந்தம் முடியறது. அப்புறம் வேற ஆளைப் பாத்துப்போம்."

"சரி சார். மார்ச் வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். புதுசு இன்னைக்கு அப்படியே கெடக்கட்டும். நாளைக்கு வந்து டீமக் கலைச்சு ஒழுங்கா கட்டித் தாரேன்."

சொன்னபடி மறுநாள் வந்து கட்டிக் கொடுத்தார். மார்ச்சோடு அந்த யார்டு அவர் கையை விட்டுப் போனது. இப்போது மதுரையிலிருந்து ஒரு கம்பெனி வந்து பார்க்கிறது. பாஸ்கல் அங்கேயேதான் இருக்கிறார்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்தும் செல்வராணி வீட்டுக்குப் போகவில்லை. ஹெல்மெட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு கேட் ஓரமாக வெயிலில் போய் நின்றார். லாரிகள் ஒவ்வொன்றாகச் சீட்டு வாங்கிக்கொண்டு துறைமுகம் பார்த்துத் திரும்பின. பாஸ்கல் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், நீங்க பேசாம இருந்திருக்கலாம்."

"அண்ணாச்சி, ஆன் பண்ணச் சொன்னது நான்தான. நீங்க ஏன் அதப் போட்டு ஒழட்டிக்கிட்டு இருக்கீங்க? சாப்பிடப் போங்க."

அவரும் போகவில்லை.

இரண்டு மணிக்குப் பதினேழு லாரிகள் போயிருந்தன. மிச்சம் இரண்டு. கேட் எழுத்தர் கையை விரித்தார்: இனி அடுத்த கப்பல்தான், யார்டுக்குள் குளிர்ப்பெட்டிக்குக் கரண்டு கொடுக்க இடம் காலியாகும் வரை லாரி இங்கேயே நிற்க வேண்டும். முன்னால் நின்ற லாரியின் ஓட்டுநர் தங்கப்பாண்டி கதவைத் திறந்துகொண்டு குதித்தார். கழுத்தில் கிடந்த துண்டை உருவிக் கையில் சுற்றினார்.

"நாளைக்குக் கயத்தாறுல எம் மவளுக்கு வளைகாப்பு! சொக்காரன் எல்லாம் வந்து கூடி நிப்பான். பெத்த அப்பன் நான் இங்கன ரோட்டுல கெடக்கணுமா? காலைல பத்து மணிக்கு வந்தவன் நான். ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்த மிசினுக்குள்ள கைய விட்டு இப்படிப் பண்ணுனவன் யாரு? எனக்கு இப்பமே தெரியணும். எந்தப் பய பாத்த வேலைல இது?"

எழுத்தர் அச்சு இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பாஸ்கல் தரையைப் பார்த்தார்.

செல்வராணி வலது கையைத் தூக்கினார். வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் தூக்குகிற மாதிரி, நேராக, தலைக்கு மேலே. தங்கப்பாண்டி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும் வரை இறக்கவில்லை.