மரை போன பிளக்

குமணன்சாவடியில் ஹேமநாதன் இருபத்தாறு வருடமாக பைக் மெக்கானிக். ஸ்பார்க் பிளக்கை முதலில் வெறும் விரலால்தான் திருகுவார். மரை சரியாகப் பிடிப்பது விரலுக்குத் தெரிந்த பிறகே ஸ்பானரை எடுப்பார்.

போன ஆவணியில் வாடிக்கையாளர் அப்துல் ரசாக் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓடும்போதே பிளக் தெறித்துவிட்டதாம். ஹேமநாதன் குனிந்து பார்த்தார். இன்ஜினின் அலுமினிய ஹெட்டில் பிளக் ஏறும் மரை முழுதாக அழிந்திருந்தது.

"எவன் பாய் இதுல கை வெச்சது? கோணலா ஏத்தி இறுக்கிக்கீறான்."

ரசாக் தயங்கினார். "நீதான் அண்ணாத்தே மாட்டுன. போன மாசம்."

ஹேமநாதன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். சர்க்கரை நோயில் அவர் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. அதை மனைவி ராணியிடம்கூட அவர் சொன்னதில்லை.

ஹெட்டைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டும் டேப் கருவியை வைத்தார். அது நேராக இறங்குகிறதா என்று தெரியவில்லை. அப்போது சாப்பாடு கொண்டுவந்த ராணியைக் கூப்பிட்டார்.

"இத்த நீ திருப்பு. எனக்கு விரல்ல ஒண்ணும் தெரில."

"எத்தினி நாளா இப்டி கீது?"

"ஒரு வருசமா."

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்லத் திருப்பினாள். வெட்டிய மரைக்குள், பிளக்கைப் பிடிக்கும் எஃகுச் சுருளைப் பொருத்தி, பிளக்கையும் அவளே ஏற்றினாள். ஹெட்டைத் திரும்ப மாட்டியதும் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது.

மறுநாளிலிருந்து ஹேமநாதன் இன்ஜின் வேலைகளை எதிர்க்கடைக்கு அனுப்பிவிட்டு, பஞ்சர் மட்டும் ஒட்டுகிறார். டயருக்குள் தடவும்போது ஆணி குத்தினால், ரத்தத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிகிறது.