எடைக்கு ஏறிய இரண்டு பெண்கள்

ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் என் கணவர் என் எடையைக் கேட்டார். பக்கத்தில் அவருடைய தம்பி சோற்றைப் பிசைந்தபடி என் பதிலுக்குக் காத்திருந்தான்.

"எதுக்கு?"

"சும்மா சொல்லு. ரெண்டு வண்டியிலயும் ஒரே லோடு இருக்கணும்ல."

குஷாய்குடாவில் ஒரே வீட்டின் கீழே நாங்கள், மாடியில் கொழுந்தனும் அவன் மனைவியும். அந்த வருஷம்தான் இவர் சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று வாங்கியிருந்தார். கொஞ்ச நாளில் கொழுந்தன் வேறு கம்பெனியின் நீல பைக்கைக் கொண்டுவந்து அதற்குப் பக்கத்திலேயே நிறுத்தினான். அதோடு வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போனது. சிவப்பின் இரட்டை விளக்கு முறைத்துப் பார்ப்பது மாதிரி இருக்கிறதாம், நீலத்துக்கு முகமே சப்பையாம். சிக்னலில் கிளம்பும்போது நீலத்தைப் பிடிக்க முடியாதாம், ஆனால் நூறைத் தாண்டிவிட்டால் சிவப்புதானாம். வளைவில் எது நன்றாகப் படிகிறது, எதன் சைலன்சருக்குக் கனமான சத்தம் என்று நான் பாத்திரம் கழுவும் இடம்வரை வந்து சண்டை போடுவார்கள்.

இரண்டு வண்டியிலும் பின்சீட்டு ஒரு ரொட்டித் துண்டு அகலம்தான். அதுவும் முன்சீட்டைவிட உயரத்தில். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

என்னைவிட ஓரகத்தி ஆறு கிலோ குறைவு. "அப்ப உன் வண்டிக்குச் சுமை கம்மி, ஒத்துக்க மாட்டேன்" என்றார் இவர். "சண்டை நக்கோ, வேணாம் அண்ணா, சரி பண்ணிடலாம்" என்று கொழுந்தன் ஒரு முதுகுப்பையில் தண்ணீர் நிரப்பிய பெரிய பாட்டில்கள் மூன்றைத் திணித்தான். மறுநாள் காலை அதை மனைவியின் தோளில் மாட்டிவிட்டான். அவள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். வாய் திறந்து எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பேசாமல் ஏறினாள். கட்கேசர் பக்கம் போய் டிபன் சாப்பிட்டு வரலாம் என்று சொன்னதால் நானும் ஏறினேன்.

வெளிவட்டச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோடு காலியாக இருந்தது. நீல வண்டியோடு போட்டியாக இவர் ஆக்சிலேட்டரை முறுக்கியதும் என் உடம்பு பின்னால் போனது. அவருடைய சட்டையைத்தான் பிடித்தேன். ஒரு வேகத்தடையில் சீட்டைவிட்டே எழும்பி விழுந்தேன். பிரேக் பிடித்தபோது என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் போய் மோதியது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே முதுகில் குத்தினேன். வண்டி இன்னும் வேகமாகப் போனது.

டீக்கடையில்தான் நிறுத்தினார். ஓரகத்தி பையைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள்.

"பை சரிஞ்சு பேலன்ஸ் போயிடுச்சு, இல்லன்னா நான்தான் முன்னாடி வந்திருப்பேன்" என்ற கொழுந்தன் அவள் பக்கம் திரும்பி, "நீ ஏன் அசைஞ்சே?" என்றான்.

இவர் சிரித்தார். "எங்க வீட்ல முதுகுல தட்டித் தட்டி இன்னும் வேகமா போகச் சொல்றா!"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஓரகத்தியின் பையிலிருந்த பாட்டில்களைத் திறந்து, மூன்றையும் அந்தச் சிவப்பு வண்டியின் முன்சீட்டில் கவிழ்த்தேன்.

"எங்களை எடைக்கல்லுன்னு நெனச்சீங்களா? எது நல்ல வண்டின்னு நான் சொல்லட்டுமா? ரெண்டும் உதவாது. பின்னாடி ஒரு மனுஷி உக்காருவான்னு செஞ்சவனுக்கும் தெரியல, வாங்கின உங்களுக்கும் தெரியல."

"அண்ணி, கத்தாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்றான் கொழுந்தன்.

"ஹவ், ஆமா, பாக்கட்டும்!" என்றாள் ஓரகத்தி. குரல் என்னுடையதைவிட ஓங்கியிருந்தது.

நாங்கள் இருவரும் ஆட்டோ பிடித்து வீடு வந்தோம். வழியெல்லாம் அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது.

சில வாரம் கழித்து மௌலா அலியில் உறவுக்காரர் வீட்டில் ஒரு வளைகாப்பு. பத்துப் பேர் நடுவில் இவர் அந்தக் கதையை எடுத்தார். "நம்மாளு பயந்துட்டா. பாதி வழியில ஆட்டோவுல ஏறிட்டா" என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

"பயமில்ல, கோபம். இன்னும் போகல" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். நானும் ஓரகத்தியும் பஸ்ஸில் வீடு திரும்பினோம். இன்றுவரை நாங்கள் இருவரும் அந்தப் பின்சீட்டுகளில் ஏறவில்லை. அவர்களும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்காததில் வரும் ஆத்திரம் தனி.